எட்டு மீசைச் சாட்சி

அத்தியாயம் 4

"கிருமின்னு சொல்லிப்போட்டா ஆச்சுங்களா? அந்தக் கிருமியக் கொண்டாந்து போட்டவன் ஆருன்னு சொல்லுங்க!"

குளத்துக் கரையில் நின்று சின்னராஜ் போட்ட சத்தத்தில் இரண்டு கொக்குகள் எழுந்து பறந்தன. அவர் சத்தமே போடக் கூடாது. கோயமுத்தூரில் நெஞ்சைத் திறந்து, பழுது பார்த்து, மூடி அனுப்பி மூன்று மாதம்தான் ஆகிறது. மெதுவாகப் பேசுங்கள், கோபப்படாதீர்கள், உப்பைக் குறையுங்கள் என்று டாக்டர் சொன்னதில் அவர் உப்பை மட்டும் குறைத்திருந்தார்.

அறிவு கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு குளத்தைப் பார்த்தான். மோகனூர் வாய்க்கால் ஓரத்தில் இரண்டு ஏக்கர் குளம். கெளுத்தி மீன்கள் வெள்ளை வயிற்றை வானத்துக்குக் காட்டிக்கொண்டு மிதந்தன. நாலு நாளாக இதே கதை. பங்கேசியஸ் என்று வாயில் நுழையாத பெயர் கொண்ட இனம். ஊரில் அதைப் பங்காசு என்று சுருக்கிவிட்டார்கள்.

ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் சத்தீஸ்கர் வரை போய் மண் தின்றுவிட்டுத் திரும்பியவன் அறிவு. இப்போது நாமக்கல்லில் டயர்க் கடை மாடியில் உஷாராணி நடத்தும் துப்பறியும் நிலையத்துக்கு அவன்தான் ஒரே உதவியாளன். மாப்பிள்ளை குடிப்பாரா, சொந்த வீடு சொன்னது உண்மையா என்கிற ரக வழக்குகள்தான் அங்கே வரும். ஒரு குளமே செத்து மிதக்கிற வழக்கு இப்போதுதான் வந்திருக்கிறது.

"மேடம், மாப்பிள்ளைன்னா ஒயின் ஷாப்புல போய் விசாரிச்சிருவேன். கிருமிய எங்க போய் விசாரிக்கிறது?"

உஷாராணி கரையோரம் குனிந்து செத்த மீன்களைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார். கண்ணாடி நெற்றியில் இருந்தால் யோசிக்கிறார் என்று அர்த்தம்.

முதலில் சின்னராஜ் கொடுத்த வழக்கு எளிதானது. குளத்தில் விஷம் கலந்துவிட்டார்கள், கலந்தவன் பக்கத்துக் காட்டுத் தனசேகர், நிரூபிக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி. தனசேகர் அவருடைய சித்தப்பா மகன். கிணற்றுத் தண்ணீர் முறைத் தகராறில் இருவருக்கும் எட்டு வருடமாகப் பேச்சு கிடையாது. ஆனால் தண்ணீரையும் மீனையும் எடுத்துப்போன மீன் டாக்டர் கோகிலவாணி, விஷம் ஒரு சொட்டுக்கூட இல்லை, இது பாக்டீரியா நோய் என்று சொல்லிவிட்டார். சின்னராஜ் கொஞ்சமும் தளரவில்லை. விஷம் இருந்த இடத்தில் கிருமியை வைத்துக்கொண்டார். தனசேகர் அதே இடத்தில் இருந்தார்.

உஷாராணி டாக்டரை ஃபோனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார்.

"கிருமிய யாரும் கொண்டுவந்து போடணும்னு இல்லைங்க," என்றது கோகிலவாணியின் குரல். "தண்ணியில எப்பவும் கொஞ்சம் இருக்கும். மீனு நெருக்கடியில இருந்தா, தீனி மிஞ்சி அழுகினா, உடம்புல காயம் பட்டா, அது தலையெடுக்கும். சின்னராஜ் சார், குளத்துல எத்தனை குஞ்சு விட்டீங்க?"

"ஹலோ? ஹலோ? டவர் கெடைக்கலீங்க டாக்டர்!"

"கோழிக் குடல், கோழிக் கழிவு ஏதாச்சும் தீனியாப் போடறீங்களா?"

"ஒண்ணுமே கேக்கலீங்க!"

"செல்போன் டவர் உங்க கோழிப் பண்ணைக்கு நேர் பின்னாடிதானுங்க நிக்குது," என்றான் அறிவு.

சின்னராஜ் முறைத்தார். "உனக்கு அறிவு இருக்குதா?"

"இருக்கேனுங்க. சொல்லுங்க."

"இன்னொண்ணு," என்றார் டாக்டர். "வெளியிலிருந்து புதுசா மீன் ஏதாவது குளத்துக்குள்ள வந்துச்சா? தனியா வெச்சுப் பாக்காம புது மீனை உள்ள விட்டா, நோயும் சேந்து வரும்."

இந்தக் கேள்விக்கு மட்டும் சின்னராஜுக்கு டவர் பளிச்சென்று கிடைத்தது. "என்ற குளத்துல என்ற மீனைத் தவிர ஒரு குஞ்சுகூடக் கெடையாதுங்க! அது சத்தியம்!"

"சரி. தயவுசெஞ்சு கோழி மருந்தை வாங்கிக் குளத்துல கொட்டிராதீங்க. செத்த மீனைக் கரையில போடாம சுண்ணாம்பு தூவிப் புதைங்க."

சின்னராஜ் கையிலிருந்த மருந்து டப்பாவை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். ஃபோனை வைத்ததும் குரல் மறுபடி ஏறியது. "சொந்தக்காரங்களை வரச் சொல்லியிருக்கேன். பொழுதோட எல்லாருமாப் போய் ஸ்டேஷன்ல கம்ப்ளைண்ட் கொடுக்கப் போறோம். அதுக்குள்ள நீங்க கண்டுபுடிச்சாச் சரி. இல்லீன்னாலும் பங்காசு செத்ததுக்குப் பங்காளிதான் காரணம்!"

"எதுகை நல்லா வந்திருக்குது," என்று அறிவு முணுமுணுத்தான்.

தனசேகர் வீடு கூப்பிடு தூரத்தில் கரும்புக் காட்டுக்குள் இருந்தது. வாசலில் வந்து நின்றவர் ஒல்லியான மனிதர், ஐம்பதைத் தாண்டியவர். தோளில் கிடந்த துண்டை வலது கையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"வாங்க, உக்காருங்க. ஊட்டுக்காரி சொந்தக்காரங்க ஊருக்குப் போயிருக்கறா. நானே டீ வெக்கறேன்."

டீ வந்தது. இடது கையால் தட்டில்லாமல் டம்ளரை நீட்டினார். அறிவுக்குச் சுருக்கென்றது. சத்தீஸ்கரில் பாஷை தெரியாதவன்கூட அவனுக்கு இடது கையால் எதையும் கொடுத்ததில்லை. வாங்கலாமா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்தான். டீயில் இஞ்சி வாசம் வந்ததால் மானத்தை ஒத்திவைத்து வாங்கிக்கொண்டான்.

"உங்க அண்ணன் குளத்துல நீங்க ஏதோ போட்டுட்டீங்கன்னு சொல்றாரு," என்றார் உஷாராணி.

தனசேகரின் கையில் டம்ளர் தளும்பியது. "விஷமுங்களா? நான் எதுக்குங்க..." பாதியில் நிறுத்தினார். பிறகு சம்பந்தமில்லாமல் கேட்டார். "அவரு கத்தறது இங்க வரைக்கும் கேக்குதுங்க. நெஞ்சுத் தையல் ஆற ஆறு மாசம் ஆகும், சத்தம் போடவே கூடாதுன்னு அந்தப் பெரிய டாக்டர் சொன்னாருங்களே. ஆரும் எடுத்துச் சொல்ல மாட்டாங்களா?"

உஷாராணியின் கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. வேறு எதுவும் கேட்காமல் எழுந்துவிட்டார்.

"மேடம், ஆள் சரியில்ல," என்றான் அறிவு, வரப்பில் திரும்பி நடக்கும்போது. "இடது கையில டீ. கேட்டதுக்குப் பதில் இல்ல. நடுவுல பாசம் வேற காட்டறாரு."

"டீ எப்படி இருந்துச்சு?"

"டீ நல்லா இருந்துச்சு."

"அப்ப அவசரப்படாத."

முந்தின நாள் பெய்த மழையில் வரப்பு ஈரமாக இருந்தது. குளத்தின் மூலையை நெருங்கும்போது அறிவு நின்றான்.

"மேடம், மீன் நடக்குது."

"அறிவு, நிழல்ல வா."

"வெயில் இல்லீங்க மேடம். நெசமாவே நடக்குது. வாய்க்காலைப் பாத்துப் போகுது."

உஷாராணி திரும்பிப் பார்த்தார். முழங்கை நீளத்தில் கறுத்த மீன் ஒன்று, முன் துடுப்புகளை ஊன்றி, வாலை இப்படியும் அப்படியும் போட்டு, குளத்திலிருந்து ஏறிச் சேற்றில் நகர்ந்துகொண்டிருந்தது. குளத்தில் அத்தனை மீன் செத்து மிதக்க, இது மட்டும் பஸ்ஸைப் பிடிக்கப் போகிற ஆள் மாதிரி அவசரத்தில் இருந்தது. அதன் உடம்பில், துடுப்புக்குப் பின்னால், மஞ்சள் நூல் ஒன்று கட்டியிருந்தது.

"மேடம், முக்கியக் குற்றவாளி தப்பிக்கிறான்!"

"கையால தொடாத! ஏதாவது துணியைப் போட்டுப் பிடி."

பிடித்தான் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். உண்மையில் அவன் சேற்றில் இருமுறை விழுந்தான், மீன் ஒரு முறைகூட விழவில்லை. கடைசியில் பம்ப் செட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் பக்கெட்டுக்குள் அதைத் தள்ளியபோது அறிவின் சட்டை நிறம் மாறியிருந்தது.

உஷாராணி குனிந்து பக்கெட்டுக்குள் பார்த்தார். "சின்னராஜ் மீனுக்கு எத்தனை மீசைன்னு பாத்தியா?"

"செத்தவங்க மீசையை எண்ணற பழக்கம் இல்லீங்க."

"நாலு. இவனுக்கு எண்ணு."

அறிவு எண்ணினான். மேலே, கீழே, இரு பக்கமும். "எட்டுங்க மேடம்!"

"அப்ப இவன் இந்தக் குளத்துக்காரன் இல்ல."

படம் எடுத்து அனுப்பினார்கள். கோகிலவாணி உடனே கூப்பிட்டார். "இது தேளி. நாட்டு மீன். காத்தையும் சுவாசிக்கும், ஈரத்துல நடக்கும். ரொம்பக் கெட்டி. தன் உடம்புல கிருமி இருந்தாலும் தான் சாகாம மத்ததுக்குக் கொடுக்கக்கூடியது. பத்திரமாக் கொண்டுவாங்க, சோதிச்சுப் பாக்கணும். துடுப்புல முள்ளு இருக்கு, குத்துனா தேள் கொட்டுன மாதிரி இருக்கும்."

"யாரோ இதை வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டிருக்காங்க," என்றார் உஷாராணி. "திருடன் எடுத்துட்டுப் போவான். இவன் கொடுத்துட்டுப் போயிருக்கான். மஞ்சள் நூல் வேற கட்டியிருக்கான். கெடுக்க நினைக்கிறவன் மீனுக்குக் காப்புக் கட்டுவானா?"

இந்தப் பக்கம் தேளியை உயிரோடு விற்கிற இடம் எது என்று சின்னராஜ் குளத்தில் தீனி போடுகிற ஆளிடம் கேட்டதும் தெரிந்துவிட்டது. புதுச்சத்திரத்தில் ஹைவே ஓரம் குஞ்சம்மாள் கடை. உஷாராணி பழைய மாருதியை ஓட்டினார். சாட்சி, அறிவின் இரண்டு முழங்காலுக்கு நடுவே பக்கெட்டில் வந்தது. ஒவ்வொரு வேகத்தடையிலும் அவன் மடியில் தண்ணீர் ஊற்றியது.

"மேடம், சாட்சிக்குப் பயணப்படி உண்டுங்களா? எனக்கு ஒரு பேண்ட் வேணும்."

குஞ்சம்மாள் கடை என்பது ஒரு தகரக் கூரை, ஒரு தராசு, ஒரு பெரிய நீலத் தொட்டி. தொட்டியில் நாலைந்து ஊர் மீன்கள், நாலைந்து ரகத்தில், பச்சைத் தண்ணீரில் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றன. பக்கெட்டைக் கண்டதும் அந்த அம்மாள் கையை ஆட்டினாள்.

"வித்த மீனைத் திருப்பி எடுக்கறதில்லீங்க!"

"திருப்ப வரலீங்க. அடையாளம் காட்டத்தான்," என்று அறிவு பக்கெட்டைத் தூக்கிக் காட்டினான்.

குஞ்சம்மாள் நூலைப் பார்த்ததும் வாயில் கை வைத்தாள். "அட ஏஞ்சாமி! இது அந்தக் கும்புட்ட மீனல்ல!"

"யாரு கும்பிட்டாங்க?"

"பேரு ஆரு கண்டா? போன அமாவாசை அன்னிக்கு ஒருத்தரு வந்தாரு. கேட்ட ரகம் தீந்துபோச்சுன்னதும், இருக்கறதுலயே துடியான மீனாக் கொடுங்கன்னாரு. வெட்டட்டுமான்னு கத்தியை எடுத்தேன், பதறிப்போயிட்டாரு. வெட்டறதுக்கில்லீங்க, உசுருக்கு உசுரு விடறேன்னு வேண்டியிருக்கேன்னாரு. மீனைக் கீழ வெச்சுக் கும்புட்டாரு. நானும் முப்பது வருசமா மீன் விக்கறேன், மீனைக் கும்புட்ட மனுசனை அன்னிக்குத்தான் பாத்தேன்."

"யாருக்காக வேண்டுதல்னு சொன்னாரா?"

"கேட்டேன், சொல்லல. அப்புறம் மஞ்ச நூலை எடுத்துக் கட்டப்போனாரு. முள்ளு இருக்குது சாமி, நான் கட்டறேன்னு சொல்லி வாய் மூடறதுக்குள்ள ஏத்திப்போட்டுது! அவரு போட்ட சத்தத்துல ரோட்டுல போன லாரிக்காரன் பிரேக்கடிச்சு எட்டிப் பாத்தான். கையெல்லாம் ரத்தம். அப்பவும் நூலைக் கட்டாம உடலியே!"

"எந்தக் கை?"

"சோத்துக்கை. பெருவெரல்."

உஷாராணி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மூக்கில் மாட்டினார். நடையில் அவசரம் வந்தது. காரைத் திருப்பும்போது அறிவு கேட்டான்.

"மேடம், எனக்கும் சொன்னா நானும் அவசரப்படுவேன்."

"உனக்கு டீ எந்தக் கையில கொடுத்தாரு?"

"இடது கையில," என்றான் அறிவு. அந்தத் துண்டு, அந்தத் தளும்பின டம்ளர், இஞ்சி வாசம் எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தன. மானத்தைப் பற்றித் தான் நினைத்தது நினைவுக்கு வந்து காதோரம் சுட்டது.

"அப்ப... அவரேதானா?"

"அவரேதான்."

"கிளையண்ட் சொன்னது சரியாப் போச்சே மேடம்! அவரு கெடுக்கிற ஆள் இல்லைன்னு நீங்க நெனச்சுத்தானே கெளம்புனோம்?"

"ஆமா," என்றார் உஷாராணி. "முழுசாத் தோத்துட்டோம். சீட் பெல்ட்டைப் போடு."

குளத்துக் கரையில் மூன்று கார்கள் நின்றன. வெள்ளை வேட்டிகளுக்கு நடுவே சின்னராஜ் தயாராக நின்றார்.

"என்னாச்சுங்க? கெடச்சானுங்களா?"

"கிடைச்சாச்சு," என்றார் உஷாராணி. "வெளியிலிருந்து ஒரு மீன் உங்க குளத்துக்குள்ள வந்திருக்கு. நோய் அதோட வந்திருக்க வாய்ப்பு இருக்கு. விட்டது உங்க தம்பி தனசேகர்."

சின்னராஜ் முகத்தில் தீபாவளி வந்தது. "சொன்னேனா இல்லியா! எட்டு வருசமாச் சொல்றேன்! கூப்புடுங்கடா அவனை!"

யாரும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. கார்களைப் பார்த்துத் தனசேகரே வரப்பில் வந்துகொண்டிருந்தார். பக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"உசுரோட இருக்குதுங்களா?" என்றார் மெதுவாக.

"இருக்கு. கையைக் காட்டுங்க," என்றார் உஷாராணி.

தனசேகர் தயங்கினார். அறிவு அருகே போய், "குடுங்கண்ணா," என்று துண்டை மெல்லப் பிரித்தான். கட்டைவிரல் கத்தரிக்காய் மாதிரி கறுத்து வீங்கியிருந்தது. வீக்கம் மணிக்கட்டைத் தாண்டி, சிவந்த கோடாக மேலே ஏறியிருந்தது. வெள்ளை வேட்டிகளில் ஒன்று, "ஐயோ," என்றது.

"யாருக்காக வேண்டிக்கிட்டீங்க?" என்று உஷாராணி கேட்டார். "நீங்களே சொல்லிடுங்க."

தனசேகர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அண்ணனுக்கு ஆபரேசன்னு கேள்விப்பட்டு நானும் கோயமுத்தூர் போயிருந்தேனுங்க. கீழ கேன்டீன்லயே உக்காந்து, டீ குடிக்க வந்த பெரிய டாக்டர்கிட்ட வெவரம் கேட்டுக்கிட்டேன். மேல வந்தா என்னையப் பாத்து எந்திரிச்சுக் கத்துவாரு, தையல் விட்டுரும்னு. நல்லபடியா ஊடு வந்துட்டா ஒரு உசுரை உசுரோட விடறேன்னு வேண்டிக்கிட்டேன். ஆத்துல விடலாம்னுதான் போனேன். படித்துறையிலயே தூண்டிலைப் போட்டு உக்காந்திருக்கறாங்க. விட்டா மத்தியானமே கொழம்பாயிரும். அண்ணன் குளம்னா தீனி கெடைக்கும். நூலைப் பாத்தா சாமி மீனுன்னு அண்ணனே விட்டுருவாருன்னு நெனச்சேன். நோய் வரும்னு எனக்குத் தெரியாதுங்க. சாகறது தெரிஞ்ச நாள்ல இருந்து தூங்கலீங்க."

சின்னராஜ் முகத்திலிருந்த தீபாவளி, நனைந்த பட்டாசாகிவிட்டது. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார். ஸ்டேஷனுக்கு என்று வந்திருந்த மூன்று காரும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றன.

"இன்னொண்ணும் சொல்லணும்," என்றார் உஷாராணி. "ஒரு மீன் வந்து ஒரு குளம் சாகாது. அவரு விட்டது ஒரு நெருப்புப் பொறின்னே வெச்சுக்கங்க. வைக்கோலை அடுக்கி வெச்சிருந்தது யாரு? குஞ்சு எத்தனை விட்டீங்க?"

சின்னராஜ் செல்போன் டவரைப் பார்த்தார். அது ரொம்பப் பக்கத்தில் நின்றது.

"ரெண்டு மடங்குங்க," என்றார் கம்மிய குரலில். "கோழிக் குடலும் போட்டேன். செலவு மிச்சமின்னு."

"அதை டாக்டர்கிட்ட அப்படியே சொல்லுங்க. மிச்ச மீனையாவது காப்பாத்தலாம். ஆனா இப்ப அவசரம் மீனுக்கில்ல." உஷாராணி அந்தச் சிவந்த கோட்டைக் காட்டினார். "மீன் முள்ளு குத்துன காயத்துல கிருமி இறங்கினா மனுசனையும் விடாது. தனசேகர், உங்களுக்குச் சுகர் இருக்கா?"

"இருக்குதுங்க. மஞ்சப்பத்துப் போட்டிருக்கேன், சரியாப் போயிரும்."

"என்ன சரியாப் போயிரும்!"

கொக்குகள் மறுபடி எழுந்தன. சின்னராஜ்தான். "கையி போயிருமடா, வக்காலி! வண்டிய எடுங்கடா! எவன் வண்டிடா வழியில நிக்கறது? நவுத்துங்கடா!"

"அண்ணா, சத்தம் போடாதீங்க, தையலு..." என்றார் தனசேகர்.

"தையலு கெடக்குது! ஏறுடா!"

மாருதிதான் வழியில் முதலில் நின்றது. அதனால் உஷாராணி ஓட்ட, பின் சீட்டில் எட்டு வருடம் பேசாத இரண்டு பேர் ஒட்டி உட்கார்ந்தார்கள். பக்கெட்டை அறிவு தீனி ஆளிடம் டாக்டர் வரும் வரை காவலுக்கு விட்டுவிட்டு முன்னால் ஏறினான். அவன் மடி முதல் முறையாகக் காய்ந்திருந்தது.

நாமக்கல் ரோட்டில் கார் வேகம் பிடித்தது. சின்னராஜ் தம்பியின் வலது கையைத் தன் மடியில் வைத்து, ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அறிவுக்குச் சொல்வதற்கு ஐந்தாறு நல்ல வரிகள் தோன்றின. கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டு, அத்தனையையும் விழுங்கிவிட்டான்.

ரயில்வே கேட்டில் கார் நின்றது. சின்னராஜ் தொண்டையைச் செருமினார். டாக்டர் சொன்னபடி, முதல் முறையாக மெதுவாகப் பேசினார்.

"ஏன்டா சேகரு."

"ஏனுங்ணா."

"என்ற உசுருக்கு ஒரு தேளிதானாடா உனக்குக் கெடச்சுது?"

தனசேகர் இடது கையால் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"விராலுதாங்ணா கேட்டேன்," என்றார். "தீந்துபோச்சுன்னுட்டாங்க."

சின்னராஜ் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பில் தையல் இழுத்து வலித்தது. ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கை தம்பி கையை விடவில்லை.